பட்டா வாங்கப் போற மருமோனுக்கு

மருமோன், நீர் சின்ன லொறி ஒண்டு வாங்கப் போறீர் எண்டு ஒழுங்கை முழுக்கக் கதை. சந்தோசம். வெள்ளவத்தை பிளற் ஒண்டிலை குடியிருந்து, கோட்டையிலை கணக்கு எழுதி, சந்தைக்குப் பையோடை நடந்து போற மனுசன் லொறி வாங்கிறது லேசுப்பட்ட காரியமே? எங்கடை பரம்பரையிலை படிச்சவன் ஒருத்தனும் இவ்வளவு துணிஞ்சதில்லை.

நான் தடுக்க வரேல்லை. காசு உம்மடை, கடன் லீசிங் கொம்பனியின்ரை, நித்திரையில்லாமல் கிடக்கப் போறது மருமோள். எனக்கென்ன நட்டம்? ஆனால் நான் வடமராட்சிப் புழுதியிலை மூட்டை சுமந்து வளந்தவன். வேறை ஒண்டும் தெரியாட்டிலும் சுமையைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். அதாலை நாலு கேள்வி கேட்டுப்போட்டுப் போறன். மறுமொழியை எனக்குச் சொல்லத் தேவையில்லை, வீட்டுக்காரிக்குச் சொல்லும். அங்கை புழுகு எடுபடாது.

முதல் கேள்வி, எதை ஏத்தப் போறீர்?

"எல்லாத்துக்கும் உதவும் மாமா" எண்டு சொன்னீர். 'எல்லாம்' எண்ட சாமானை நான் ஒரு தராசிலையும் நிறுத்துக் கண்டதில்லை. வாரும், உம்மடை ஒரு கிழமையை நிறுத்துப் பாப்பம்.

திங்கள் முதல் வெள்ளி வரை பிள்ளையள் ரண்டும் பம்பலப்பிட்டிப் பள்ளிக்கூடத்துக்கு. இந்தக் காலத்துப் புத்தகப் பை பாரம்தான், ஒத்துக்கொள்ளுறன். எண்டாலும் படங்கு போட்டுக் கயித்தாலை கட்டுற அளவுக்கு இன்னும் வரேல்லை. பிறகு நீர் காலி வீதியாலை கோட்டைக்கு. உம்மோடை வாற சரக்கு ஒரு சாப்பாட்டுப் பாசலும் ஒரு குடையும். பின்னேரம் ரியூசன். சனிக்கிழமை வெள்ளவத்தைச் சந்தை: முருங்கைக்காய்க் கட்டு, நாலு தேங்காய், ரண்டு பிடி கீரை, கொஞ்சம் மீன். காஸ் முடிஞ்சால் 12.5 கிலோச் சிலிண்டர் ஒண்டு. அதையும் ஓட்டோக்காரப் பெடியன் கொண்டந்து படியடியிலை இறக்கிப்போட்டுப் போறான். ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனை மாமியார் வீடு, வழியிலை பொன்னம்பலவாணேசுவரர் கோயில். மாமியாரை நான் நிறையிலை சேர்க்கேல்லை. அவ சாமான் இல்லை. அதோடை அவ முன் சீற்றிலைதான் இருப்பா.

இனி லொறியின்ரை பக்கத்தைப் பாப்பம். டாட்டா ஏஸ் 2005 இலை இந்தியாவிலை இறங்கினது. ரண்டு சிலிண்டர், 700 சிசிச் சொச்சம் டீசல் எஞ்சின், 750 கிலோச் சுமை. இஞ்சை டிமோ கொம்பனி 'டிமோ பட்டா' எண்டு பேர் வைச்சு வித்தது. ஜப்பானிலை இருந்து வாற சுசுக்கி கெரி மாதிரிக் குட்டி லொறியள் அந்த நாட்டுச் சட்டத்துக்கு அளந்து வெட்டினவை: நீளம் 3.4 மீற்றருக்கு மேலை போகப்படாது, அகலம் 1.48 மீற்றர், எஞ்சின் 660 சிசி, சுமை 350 கிலோ. சீமெந்துப் பையிலை சொன்னால் பட்டாவிலை 15, ஜப்பான்காரனிலை 7. உம்மடை கிழமைச் சாமான் எல்லாத்தையும் கூட்டினாலும் ஒரு சீமெந்துப் பை நிறை தேறுமோ தெரியாது. மிச்ச இடம் முழுக்கக் காத்தைத்தான் ஏத்திக்கொண்டு திரியப் போறீர். வெள்ளவத்தையிலை கடற்காத்து சும்மா வருது மருமோன். டீசல் ஊத்தி ஏத்தத் தேவையில்லை.

ரண்டாம் கேள்வி, ஆர் ஏறப் போறியள்?

உந்தச் சின்ன லொறியளிலை சீற் ரண்டு. ஒண்டிலை நீர். மற்றதிலை மருமோளோ மாமியாரோ எண்டு நீர் தீர்மானிக்கிற அண்டைக்கு நான் ஊருக்குப் போயிடுவன், இப்பவே சொல்லிப்போட்டன். பிள்ளையளைப் பின்னுக்கு ஏத்தலாம் எண்டு மட்டும் நினையாதையும். பின்பெட்டி ஆக்களுக்கில்லை. பொலிசுக்கு உம்மடை குடும்பப் பாசம் விளங்காது. திடீரெண்டு பிறேக் போட்டால் பெட்டித் தகரத்துக்கும் விளங்காது. முன்னுக்கு இருக்கிற உமக்கும் பெரிய காப்பு இல்லை. சீற்றுக்குக் கீழை எஞ்சின், முழங்காலுக்கு முன்னாலை ஒரு தகரம், அதுக்கங்காலை காலி வீதி பஸ்.

இன்னொண்டு. லொறியின்ரை பின் ஸ்பிறிங் சுமைக்கெண்டு செய்தது. மூட்டை இருந்தால் அமந்து ஓடும். வெறும் பெட்டியோடை குழியிலை விழுந்தால் உம்மடை முதுகெலும்பைத்தான் ஸ்பிறிங்காப் பாவிக்கும். மழை பெய்தால் பாரமில்லாத பின் ரயர் வழுக்கவும் செய்யும். பாரம் போட்டால்தான் நல்லா ஓடும் எண்டு ஒவ்வொரு நாளும் மாமியாரை ஏத்திக்கொண்டு திரியேலாது.

"அப்ப டபிள் கப் எடுப்பம் மாமா, நாலைஞ்சு பேர் போகலாம், பின்னுக்குச் சாமானும் போகும்" எண்டுவீர். வடிவான வாகனம். இப்பத்தை ரொயோட்டா ஹைலக்ஸ் டபிள் கப் 5.3 மீற்றர் நீளம். அதை எங்கடை ஒழுங்கைக்கை திருப்பிறதெண்டால் மூக்கு மரைன் டிரைவிலை நிக்கும், வால் காலி வீதியிலை நிக்கும், நடுவிலை ஒழுங்கைச் சனம் நிண்டு உம்மடை குலம் கோத்திரம் எல்லாத்தையும் விசாரிக்கும். பிளற்றிலை உமக்குத் தந்த தரிப்பிடத்தை முதல் நாடா பிடிச்சு அளவும். நீளம், அகலம், மேலை குழாய் போற உயரம் மூண்டையும். விக்கிறவன் இதைக் கேக்கமாட்டான். பிளற் காவலாளி கேப்பான்.

ரொறொன்ரோவிலை இருக்கிற உம்மடை தம்பி பிக்கப்பிலை சாஞ்சு நிண்டு படம் அனுப்பினவன் எண்டும் கேள்விப்பட்டன். அந்தப் பக்கத்துச் சனத்துக்கு அது ஒரு பழக்கம். அமெரிக்காவிலை 1977 இலை இருந்து ஆகக் கூட விக்கிற பிக்கப் ஃபோர்ட் எஃப் வரிசை. அது அளவுக்கு மிஞ்சிப் பெருத்துப் போச்செண்டு அதே கொம்பனி 2021 இலை மேவரிக் எண்டு சின்னது ஒண்டு விட்டது. அந்தச் சின்னதும் இஞ்சத்தை ஒழுங்கைக்குப் பெரிசு. இன்னும் சில அமெரிக்கர் 25 வருசம் பழசான ஜப்பான் குட்டி லொறியளைக் கப்பலிலை இறக்கித் தோட்டத்துக்கை ஓடித் திரியினம். அதுக்குக் குறைஞ்ச வயசெண்டால் அவையின்ரை சட்டம் லேசிலை உள்ளுக்கு விடாது. அவைக்குக் காணி ஏக்கர் கணக்கிலை. உமக்கு மூண்டாம் மாடி பல்கனியிலை ஒரு துளசிச் சட்டியும் ஒரு கறிவேப்பிலையும். ரண்டையும் மடியிலை வைச்சுக்கொண்டே ஓட்டோவிலை போகலாம்.

மூண்டாம் கேள்வி, ஆற்றை சாமானை ஏத்தப் போறீர்? இதுதான் பெரிய கேள்வி. இதை ஒரு விலைச் சீட்டிலையும் அச்சடிக்க மாட்டாங்கள்.

வெள்ளவத்தையைக் குட்டி யாழ்ப்பாணம் எண்டு சும்மா சொல்லேல்லை. ஒழுங்கையிலை நிக்கிற நாலு பேரிலை மூண்டு பேர் உமக்கு ஏதோ ஒரு வழியிலை சொந்தம், நாலாவது ஆள் பள்ளிக்கூடத்துச் சொந்தம். இப்ப உம்மட்டை லொறி இல்லை. அதாலை நீர் ஆரெண்டு அவைக்கு வடிவாத் தெரியாது. லொறி வந்து நிண்ட அண்டைக்குப் பின்னேரமே நீர் ஊருக்கு நல்ல பிள்ளை ஆயிடுவீர்.

வாடகை பிளற் மாறுற சித்தப்பாவின்ரை கட்டில், அலுமாரி. கொட்டாஞ்சேனை மச்சானின்ரை பழைய பிறிச். கோயில் அன்னதானத்துக்குக் கிடாரம், அகப்பை, அரிசி மூட்டை. பழைய மாணவர் சங்கத்துக்குப் பதாகையும் நூறு கதிரையும். லண்டனிலை இருந்து வாற சின்னத்தான் குடும்பத்தின்ரை பெட்டியளைக் கட்டுநாயக்காவிலை இருந்து கொண்டாறது. செத்த வீடு எண்டால் கேக்கவும் வேண்டாம்; உம்மடை லொறி வரேல்லை எண்டால் நீர் வரேல்லை எண்டுதான் கணக்கு.

டீசல் காசு கேட்டால் "சொந்தத்துக்கை கணக்கோ?" எண்டு முகத்தைத் தூக்குவினம். கேக்காமல் விட்டால் "தங்கமான பெடியன்" எண்டு சொல்லிப்போட்டு, அடுத்த கிழமை இன்னொருத்தரை அனுப்புவினம். ஓட்டிறதோடை முடியாது, தூக்கிறதும் நீர்தான். புறக்கோட்டையிலை நாட்டாமிமாருக்கு ஒவ்வொரு சுமைக்கும் கூலி உண்டு. உமக்கு ஒரு பிளேன்ரீயும், பிறிச்சிலை கீறல் விழுந்திட்டுதெண்டு ஆயுளுக்கும் ஒரு கதையும் கிடைக்கும்.

வீட்டுக்கு ஒரு லொறி எண்டு ஆசைப்படுறது எங்கடை ஆக்களிட்டை முந்தி இல்லை. உமக்குத் தட்டி வான் தெரியாது. கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையிலை ஓடினது. வெள்ளைக்காரன் காலத்துச் சேசியிலை எங்கடை தச்சன் மரத்தாலை கூடு கட்டினது, பின்னுக்குச் சங்கிலியிலை தொங்கிற தட்டி. உள்ளுக்குச் சனம், தட்டியிலை மரக்கறிக் கடகம், வாழைக்குலை, வெங்காயம், சிலநேரம் ஆடும். சந்தைக்குப் போறவை ஏறுவினம், கூலியைக் குடுப்பினம், இறங்கிப் போவினம். ஒருத்தரும் அதை முத்தத்திலை கட்டி வைச்சுக் கழுவிக்கொண்டு இருக்கேல்லை. பிறகு தொண்ணூறுகளிலை பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமல் போனபோது ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் கார்கள் மண்ணெண்ணெயிலை இருமி இருமி ஓடினது. விறகும் நெல்லு மூட்டையும் சைக்கிளிலை போனது. தேவை எண்டு வந்தால் சுமை தன்ரை வழியைத் தேடிக்கொள்ளும்.

நாலாம் கேள்வி, லொறி என்ன உழைக்கும்?

2020 மார்ச்சிலை அரசாங்கம் வாகன இறக்குமதியை நிப்பாட்டினது. தனியார் வாகனத்துக்குத் திரும்பக் கதவு திறக்க 2025 பெப்ரவரி ஆச்சு. இடையிலை நாட்டிலை கிடந்த லொறியளே எல்லாச் சுமையையும் சுமந்தது. இளைச்சு முறிஞ்சதெல்லாம் வாங்கின விலையிலும் கூடப் போய் வித்தது. இப்ப பழசு பாக்கப் போறீர் எண்டால், நல்லா வேலை செய்து களைச்ச ஒருத்தரைத்தான் பெரும்பாலும் காணப் போறீர்.

லீசிங்காரன் உமக்கு என்ன சொன்னவன் எண்டும் தெரியும்: "காருக்கெண்டால் இவ்வளவுதான் தரலாம் சேர், வர்த்தக வாகனமெண்டால் கூடத் தரலாம்." உண்மைதான். மத்திய வங்கி வர்த்தக வாகனத்துக்குக் காரிலும் பாக்கக் கூடின பங்கைக் கடனாக் குடுக்க விட்டிருக்கு. ஏன் விட்டது எண்டு யோசிச்சீரோ? அந்த வாகனம் ஓடி உழைச்சுத் தன்ரை தவணையைத் தானே கட்டும் எண்டுதான். உம்மடை லொறி மாதம் மாதம் என்னத்தை உழைக்கும்? பள்ளிக்கூடத்துக்குப் போய் வாறதுக்கு உம்மடை பிள்ளையள் கூலி தருகுதுகளோ?

2022 எரிபொருள் தட்டுப்பாட்டையும் நீர் மறந்திருக்க மாட்டீர். கியூஆர் முறை வந்த புதுசிலை கிழமைக்குக் காருக்கு 20 லீற்றர், லொறிக்கு 50. வரிசையிலை நிண்ட காருக்காரர் லொறிக்காரரைப் பாத்துப் பெருமூச்சு விட்டது எனக்கும் தெரியும். லொறி ஆசை அண்டைக்குத்தான் உமக்குள்ளை முளைச்சதெண்டு மருமோள் சொல்லுறா. அதே வருசம் ஆனிக் கடைசியிலை ஒட்டோ டீசல் லீற்றர் 460 ரூபாக்கு ஏறினதையும் சேர்த்து நினையும். கூட ஊத்த விட்டது உண்மை, சும்மா ஊத்த விடேல்லை.

அப்ப உந்தச் சின்ன லொறி ஆருக்கும் பொருந்தாதோ எண்டு கேப்பீர். ஏன் பொருந்தாது? கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு பலசரக்குக் கடைக்காரரை எடும். புறக்கோட்டை மெனிங் சந்தை 2021 இலை பேலியகொடைக்கு மாறின பிறகு, விடியப்புறம் அங்கை போய் மரக்கறி ஏத்தவேணும். திரும்பி வந்து நாலாம் குறுக்குத் தெருவிலை சீனி, பருப்பு, வெங்காயம். ஜம்பட்டா வீதி நெரிசலுக்கை பெரிய லொறி நிண்டால் ஊர் திட்டும். சின்ன லொறி கடை வாசலிலை ஒதுங்கி, இறக்கிப்போட்டு, வெளிக்கிட்டிடும். அந்த மனுசனுக்குப் பெட்டி காலியாக் கிடக்கிற நாள்தான் அபூர்வம். கூலி ஓட்டோக்குக் குடுக்கிற காசை மாசக் கடைசியிலை கூட்டிப் பாத்தாலே தவணைக் காசு தெரியும். வீட்டிலை சமைச்சு நாற்பது அம்பது சாப்பாடு அனுப்பிறவை, குழாய், வயறிங் வேலை செய்யிறவை, பூச்சட்டி, மண், மாபிள் விக்கிறவை, இவைக்கும் சரி. அவை வாங்கேக்கை 'உதவும்' எண்டு சொல்லிறதில்லை. எத்தினை கிலோ, எத்தினை நடை எண்டுதான் கதைப்பினம்.

இவ்வளவும் கேட்டும் வாங்கத்தான் போறீர் எண்டால், பாத்து வாங்கும். பெட்டியின்ரை வண்ணத்தைப் பாக்காமல் கீழை குனிஞ்சு சேசியைப் பாரும். ஒட்டு வேலை இருக்கோ, ஸ்பிறிங் பட்டை நிமிந்து போச்சோ எண்டு. ரண்டும் இருந்தால் அளவுக்கு மிஞ்சி ஏத்தின வண்டி. பெட்டி மூலையளையும் கதவுக் கீழ்ப்பக்கத்தையும் விரலாலை தட்டிப் பாரும்; கடலோரத்திலை ஓடினதெண்டால் கறள் உள்ளுக்கை இருந்து தின்னும், வெளியிலை புது வண்ணம் சிரிச்சுக்கொண்டு நிக்கும். மரைன் டிரைவுக்குக் கிட்ட நீர் நிப்பாட்டினாலும் அதே கதைதான், அடிக்கடி கழுவவேணும். வாகனப் புத்தகத்திலை லொறி எண்டு கிடக்கோ, ஆளும் சாமானும் போற இரட்டைப் பாவனை வாகனம் எண்டு கிடக்கோ பாரும்; உம்மடை சாரதி அனுமதிப்பத்திரம் அந்த வகுப்புக்குச் செல்லுமோ எண்டும் பாரும். காப்புறுதியிலை சொந்தப் பாவனை எண்டு எழுதிப்போட்டுக் கூலிக்கு ஓடி இடிபட்டால், காப்புறுதிக்காரன் கையை விரிச்சிடுவான். புகைச் சான்றிதழும் வரிப்பத்திரமும் வருசா வருசம் வரும். காலியா நிண்ட வண்டிக்கும் வரும். உதிரிப் பாகம் பஞ்சிகாவத்தையிலை சுகமாக் கிடைக்கிற வண்டியா எடும். ஆரிட்டையும் இல்லாத அருமையான வண்டி எண்டால் அதுக்கு ஆணியும் அருமையாத்தான் கிடைக்கும். மணல், மரம் ஏத்திறதெண்டால் அனுமதிப் பத்திரம் வேணும். மாமியார் கேட்டவ எண்டு சொன்னால் செல்லாது.

வாங்காட்டில் என்ன செய்யிறது எண்டு கேளும். கலியாணம் வருமெண்டு ஆரும் வீட்டிலை கிடாரம் வாங்கி அடுக்கி வைக்கிறதில்லை. தேவைப்பட்ட அண்டைக்குக் கூலிக்கு எடுத்து, விளக்கித் திருப்பிக் குடுக்கிறது. லொறியும் அப்பிடித்தான். வீடு மாற வேணுமோ, கைபேசியிலை பிக்மீக்காரனைத் தட்டினால் ஓட்டோ வாற மாதிரி லொறியும் வரும். யாழ்ப்பாணத்திலை இருந்து ஒடியலும் புழுக்கொடியலும் கறுத்தக்கொழும்பானும் வேணுமோ, 400 கிலோமீற்றர் நீர் ஸ்பிறிங்கிலை துள்ளித் துள்ளிப் போகத் தேவையில்லை. ராத்திரி பஸ்ஸிலை ஏத்திவிட்டால் விடிய வெள்ளவத்தையிலை இறங்கும். மிச்ச நாளுக்கு உமக்கு வகன் ஆர் மாதிரி ஒரு சின்னக் கார் காணும். பின் சீற்றை மடிச்சால் அரிசி மூட்டையும் போகும், நிமித்தினால் மாமியாரும் போவா. மழை பெய்தால் ரண்டும் நனையாது.

கடைசியா ஒரு வேலை சொல்லுறன். ஒரு கொப்பி எடும். மூண்டு மாசத்துக்கு, காரிலையோ ஓட்டோவிலையோ ஏத்தேலாத சாமான் எண்டைக்கு வந்ததெண்டு எழுதும். 'வந்திருக்கும்', 'வரக்கூடும்' எண்டு எழுதக்கூடாது, வந்ததை மட்டும். கிழமைக்கு ரண்டு மூண்டு தரம் வந்தால், கண்ணை மூடிக்கொண்டு பட்டா எடும். நானே வந்து தேசிக்காய் வைச்சு வெட்டிறன். மாசத்துக்கு ஒருக்கா வந்தால் கூலிக்குப் பிடியும். கொப்பி வெறுமையாக் கிடந்தால் அதைப் பிள்ளையளுக்குக் குடும், கணக்குச் செய்ய உதவும்.

என்ரை தீர்ப்பு இதுதான்: உமக்கு லொறி தேவையில்லை, உம்மடை சொந்தக்காரருக்குத்தான் தேவை. ஆனபடியால் வாங்காதையும். அதையும் மீறி வாங்கினீர் எண்டால், முதல் நடை எனக்குத் தரவேணும். ஊரிலை என்ரை அம்மியும் ஆட்டுக்கல்லும் ஒரு வேப்பம் அலுமாரியும் கிடக்குது. டீசல் காசைப் பற்றிக் கதையாதையும் மருமோன்; சொந்தத்துக்கை என்ன கணக்கு?